பெல்ஃபாஸ்ட்: பெயிண்ட் கூடத்தில் தொடங்கிய திரை நகரம்

ஒரு நகரத்தைப் படப்பிடிப்புத் தலமாக முன்னிறுத்த விரும்பும் நிர்வாகங்கள் பெரும்பாலும் இயற்கைக் காட்சிகளிலிருந்தே தொடங்குகின்றன. மலை, கடற்கரை, கோட்டை, பழைய வீதி என்று புகைப்படங்களைத் திரட்டிக் கையேடு அச்சிட்டு, தயாரிப்பாளர்கள் கூடும் திரைவிழாக்களில் கடை விரிக்கின்றன. பிரிட்டனின் ஒரு பகுதியான வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்டுக்கும் காட்டிப் பெருமைப்பட அழகான கடற்கரை இருந்தது. ஆனால் பெரிய தயாரிப்புகளை அந்த ஊருக்கு இழுத்து வந்தது, கப்பல் பாகங்களுக்குப் பெயிண்ட் அடிப்பதற்காகக் கட்டப்பட்டு, பின்னர் வேலையில்லாமல் கிடந்த ஒரு கொட்டகை. அந்தக் கொட்டகையிலிருந்து ஒரு தொழில் எப்படி வளர்ந்தது, ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளரை நம்பி வளர்ந்த அந்தத் தொழில் அவர் போன பிறகு எப்படித் தாக்குப்பிடித்தது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

கூடம்

டைட்டானிக் கப்பலைக் கட்டி 1911-இல் நீரில் இறக்கிய ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் நிறுவனம் நெடுங்காலம் பெல்ஃபாஸ்டின் அடையாளமாகவே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கப்பல் கட்டும் தொழில் கிழக்காசியாவுக்கு நகர்ந்ததும் அங்கே வேலை படிப்படியாகச் சுருங்கியது. 2003-க்குப் பிறகு புதிய கப்பல் கட்டும் வேலை பல ஆண்டுகள் நின்றே போனது. எஞ்சியவற்றில் ஒன்று ‘பெயிண்ட் ஹால்’ என்று அழைக்கப்பட்ட கூடம். கப்பலின் உடற்பகுதிகளைப் பெரிய துண்டுகளாகச் செய்து, அவற்றை உள்ளே கொண்டுவந்து, மழையும் ஈரமும் படாமல் பெயிண்ட் அடிப்பதற்காக அது கட்டப்பட்டிருந்தது. உள்ளே நான்கு அறைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 16,000 சதுர அடி.

சினிமாவில் வேலை செய்தவர்களுக்கு இந்த விவரம் ஒன்றே போதும், மீதியை அவர்களே ஊகித்துக்கொள்வார்கள். ஒரு படப்பிடிப்பு ஃப்ளோருக்கு முதலில் வேண்டியது நடுவில் தூண் இல்லாத தரை. அடுத்தது உயரம். கோட்டைச் சுவர் போன்ற செட்டை முப்பது, நாற்பது அடிக்கு எழுப்பி, அதற்கும் மேலே லைட்டுகளைத் தொங்கவிட்டு, அவற்றுக்கிடையே லைட்மேன்கள் நடமாட வழி விட்டு, பின்னால் பச்சைத் திரையையும் இழுத்துக் கட்ட வேண்டும். மூன்றாவது, செட்டின் பாகங்களை லாரியோடு உள்ளே கொண்டுவரும் அளவுக்குக் கதவு. கப்பலின் துண்டு நுழையும் கதவில் எந்த செட்டும் நுழையும். இந்த மூன்றையும் புதிதாகக் கட்டுவதென்றால் பெரும் முதலீடும் பல ஆண்டுகளும் வேண்டும்; பெல்ஃபாஸ்டில் அவை ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தன. மழை எந்த நேரமும் பெய்யக்கூடிய ஓர் ஊரில், அவுட்டோர் வேலை கெட்டுப்போன நாளில் யூனிட்டை உள்ளே திருப்பிவிட ஒரு கூரை இருப்பது தயாரிப்பு நிர்வாகிக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

2007-இல் நிலத்தடி நகரம் ஒன்றைப் பற்றிய ஆங்கிலப் படத்துக்காக அந்த நகரமே அங்கே செட்டாக எழுப்பப்பட்டது. இந்தக் கூடத்தில் பெரிய படம் எடுக்க முடியும் என்பதற்கு அது நடைமுறைச் சான்றாக அமைந்தது. இரண்டாண்டுகள் கழித்து, அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமான எச்.பி.ஓ. தனது ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்ற, கற்பனை உலகின் அரியணைப் போட்டியைச் சொல்லும் தொடரின் முன்னோட்ட அத்தியாயத்துக்கு இடம் தேடியபோது, பெல்ஃபாஸ்டால் கையேட்டை மட்டும் காட்டாமல் கூடத்தையே திறந்து காட்ட முடிந்தது. 2010-இல் முழுத்தொடரின் படப்பிடிப்பு தொடங்கியது. எட்டாவது பருவத்தின் படப்பிடிப்பு 2018-இல் முடியும்வரை அந்தக் கூடமே அதன் தலைமையகம். தொழிற்கூடமாகக் கட்டி ஃப்ளோராக மாற்றப்படும் கட்டடங்களின் பொதுவான பலவீனம் ஒலித்தடுப்பு. 2012-இல் அதன் பக்கத்திலேயே படப்பிடிப்புக்கென்று கட்டப்பட்ட இரண்டு புதிய அரங்குகள் சேர்ந்த பிறகுதான் அந்த இடம் முழுமையான ஸ்டூடியோ ஆயிற்று.

அமைப்பும் பணமும்

கூடம் இருந்தால் மட்டும் தயாரிப்பாளர் வந்துவிடமாட்டார். வட அயர்லாந்தில் 1997-இலேயே ஒரு திரைப்பட ஆணையம் உருவாக்கப்பட்டிருந்தது. அதுவே பின்னர் ‘நார்தர்ன் அயர்லாந்து ஸ்கிரீன்’ என்ற அரசு நிதி பெறும் முகமையாக வளர்ந்தது. முதலீடு, லொகேஷன் ஆலோசனை, தொழிலாளர் பயிற்சி, பள்ளிகளில் திரைக்கல்வி, ஆவணக்காப்பகம் ஆகிய அனைத்தும் இந்த ஒரே முகமையின் பொறுப்பில் உள்ளன. பல நாடுகளில் இவை நான்கைந்து அலுவலகங்களில் சிதறிக் கிடக்கும். வெளியூர்த் தயாரிப்பாளர் ஒவ்வொரு படியாக ஏறி இறங்க வேண்டியிருக்கும். இங்கே பணம் தருபவரும், சாலையை மூட யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்பவரும், பயிற்சி பெற வந்த இளைஞரை யூனிட்டில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்பவரும் ஒருவரே. கேட்பவர் கையில் நிதியும் இருப்பதால் அந்தக் கோரிக்கைக்கு மதிப்பு இருந்தது. பெல்ஃபாஸ்டின் வெற்றிக்குக் காரணம் சொல்பவர்கள் இதைப் பெரும்பாலும் தவறவிட்டுவிடுகிறார்கள்; என் கணிப்பில், கூடத்துக்கு அடுத்தபடியாக முக்கியமானது இதுதான்.

எட்டுப் பருவங்களுக்குமாகச் சேர்த்து இந்த முகமை தொடரில் இட்ட பணம் ஏறத்தாழ 1.6 கோடி பவுண்டு. அதற்கு ஈடாக வட அயர்லாந்தின் பொருளாதாரத்துக்கு வந்தது 25 கோடி பவுண்டு அளவில் என்பது முகமையின் சொந்தக் கணக்கு. இந்த இரண்டாவது எண்ணை நிதானமாகப் படிக்க வேண்டும். ஹோட்டல், மரம், வாடகை வண்டி, சம்பளம் என்று உள்ளூரில் செலவான தொகையே அந்தக் கணக்கின் அடிப்படை. தொடர் வராமல் இருந்திருந்தால் அந்தத் தச்சர்களும் அந்த ஹோட்டல்களும் வேறு எதில் ஈடுபட்டிருப்பார்கள் என்பது அதில் வராது. திரைத்துறை முகமைகள் எல்லா நாட்டிலும் இப்படித்தான் கணக்குக் காட்டுகின்றன. ஆயினும் பெருமளவு உள்ளூர்ச் செலவு பத்தாண்டு காலம் இடைவிடாமல் வந்தது என்பதில் சந்தேகமில்லை, அந்தத் தொடர்ச்சிதான் இங்கே கவனிக்கத்தக்கது.

வரிச்சலுகையைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். மணி நேரத்துக்கு 10 லட்சம் பவுண்டுக்குக் குறையாமல் செலவிடும் தொலைக்காட்சித் தொடர்களுக்கு பிரிட்டன் 2013 ஏப்ரல் முதல் 25 விழுக்காட்டு வரிச்சலுகை தந்துவந்தது. 2024 முதல் அது வேறு வடிவத்துக்கு மாறியிருக்கிறது. ஆனால் அது நாடு முழுமைக்கும் பொது. கார்டிஃபுக்கும் கிளாஸ்கோவுக்கும் பிரிஸ்டலுக்கும் கிடைப்பதே பெல்ஃபாஸ்டுக்கும் கிடைக்கிறது. எல்லைக்கு அப்பால், இரண்டு மணி நேர சாலைப் பயணத்தில் உள்ள டப்ளினைத் தலைநகராகக் கொண்ட அயர்லாந்துக் குடியரசோ 32 விழுக்காடு தருகிறது. மேலும், ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ வந்து வேரூன்றியது இந்தச் சலுகைக்கு முன்பே. ஆகவே வரிச்சலுகை பிரிட்டனைப் போட்டியில் நிறுத்தியது. பிரிட்டனுக்குள் பெல்ஃபாஸ்டைத் தேர்ந்தெடுக்க வைத்தவை கூடமும் முகமையும் ஆட்களும்.

ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம்

வட அயர்லாந்தின் மொத்தப் பரப்பே 14,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். பெல்ஃபாஸ்டில் தங்கியிருக்கும் யூனிட் காலையில் கிளம்பிக் கடற்கரைக் குகையிலோ காட்டிலோ வேலை செய்துவிட்டு இரவு அதே ஹோட்டலுக்குத் திரும்பிவிடலாம். இருநூறு பேர் கொண்ட யூனிட்டை வெளியூரில் ஓரிரவு தங்க வைப்பதென்றால் அறை, சாப்பாடு, பயணப்படி, மறுநாள் வேலை தொடங்குவதில் தாமதம் என்று செலவு நாலாபக்கமும் கிளைக்கும். அதைத் தவிர்க்க முடிகிற ஊருக்குத் தயாரிப்பு நிர்வாகி தனி மதிப்பெண் போடுவார்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, லார்ன் நகருக்கு அருகிலுள்ள மாகெராமோர்ன் சுண்ணாம்புக்கல் குவாரி. வெட்டியெடுத்து முடிந்த குவாரியின் செங்குத்தான பாறைச் சுவரையொட்டித் தொடரின் பனிச்சுவர்க் கோட்டைக்கான முற்றமும் மாடிகளும் கட்டப்பட்டன. சுவரின் மேற்பகுதி கணினியில் வரைந்து சேர்க்கப்பட்டது. கீழ்ப்பகுதிக்கு உண்மையான பாறை இருந்தது. சுற்றுலாக் கையேடு எதிலும் இடம்பெறாத ஒரு தொழிற்சாலைத் தழும்பு அது. நடமாட்டமில்லாத, வேலி போடக்கூடிய, மாதக்கணக்கில் செட்டைக் கலைக்காமல் வைத்திருக்கக்கூடிய இடமாக இருந்ததுதான் அதன் சிறப்பு. அழகான இடங்களில் இந்த வசதி கிடைப்பது அரிது. அங்கே மக்கள் வருவார்கள், விதிமுறைகள் இருக்கும், பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

நிர்வாக எல்லை இந்தத் தொழிலின் எல்லையோடு பொருந்தவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். வளர்ச்சித் திட்டங்களுக்கு அரசுகளும் உள்ளாட்சி மன்றங்களும் சேர்ந்து நிதி தருவதற்காக 2021 இறுதியில் கையெழுத்தான பெல்ஃபாஸ்ட் நகரப் பகுதி ஒப்பந்தத்தில் ஆறு உள்ளாட்சி மன்றங்கள் உள்ளன. பெல்ஃபாஸ்டின் ஸ்டூடியோக்களும், தொடரில் வடதிசைப் பிரபுவின் கோட்டையாக வந்த காசில் வார்ட் பண்ணை முற்றமும், மாகெராமோர்ன் குவாரியும் அதற்குள் வருகின்றன. ஆனால் பயணிகள் அதிகம் தேடிப்போகும் டார்க் ஹெட்ஜஸ் மரச்சாலையும் பாலின்டாய் துறைமுகமும் வடக்கே வேறொரு மன்றத்தின் எல்லைக்குள் இருக்கின்றன. வருமானம் தரும் ஃப்ளோர் ஓரிடத்தில், கூட்டத்தைச் சமாளிக்கும் பொறுப்பு இன்னோரிடத்தில். நகரப் பகுதி என்ற அளவில் திட்டம் தீட்டுபவர்கள் வரைபடத்தில் கோடு போடும் முன்பே இதற்கு வழி செய்திருக்க வேண்டும்.

பயணிகள்

தொடரின் இரண்டாவது பருவத்தில் ஒரு சிறு காட்சியில் மட்டுமே டார்க் ஹெட்ஜஸ் வருகிறது. 1775-ஐ ஒட்டி ஒரு நிலக்கிழார் குடும்பம் தன் மாளிகைக்குச் செல்லும் வழியின் இருபுறமும் நட்ட பீச் மரங்கள் மேலே கிளைகளைக் கோத்து நிற்கும் கிராமச் சாலை அது. தொடருக்குப் பிறகு பேருந்துகள் அணிவகுத்தன. வண்டிகளின் எடையால் வேர்களுக்குப் பாதிப்பு என்ற கவலை எழுந்து, 2017 அக்டோபரில் அந்தச் சாலையில் வாகனங்களுக்குத் தடை வந்தது. மரங்களும் வயதானவை; 2016 ஜனவரிப் புயலில் சில விழுந்தன, 2023 நவம்பரில் ஆபத்தான நிலையிலிருந்த சில மரங்களை அரசே வெட்டியது, அடுத்த ஜனவரியிலும் புயல் மேலும் சிலவற்றைச் சாய்த்தது.

2016-இல் விழுந்த மரங்களைக் கொண்டு செய்யப்பட்ட விளம்பரம், நான் அறிந்தவரை இந்த முயற்சியின் மிகச் சிறந்த பகுதி. அயர்லாந்துத் தீவைச் சுற்றுலாவுக்காக வெளிநாடுகளில் முன்னிறுத்தும் ‘டூரிசம் அயர்லாந்து’ அமைப்பு, அந்த மரத்திலிருந்து பத்துக் கதவுகளைச் செதுக்கச் செய்தது. ஆறாவது பருவத்தின் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு கதவு. அந்தந்த அத்தியாயத்தின் நிகழ்ச்சி அதில் செதுக்கப்பட்டிருக்கும். படப்பிடிப்பு நடந்த இடங்களுக்குப் பக்கத்திலுள்ள மதுவிடுதிகளில் அவை பொருத்தப்பட்டன. பயணி ஒரு சிறு கடவுச்சீட்டுப் புத்தகத்தை வாங்கி, கதவுக்குக் கதவு முத்திரை குத்திக்கொண்டே போகலாம். இதன் விளைவு என்னவென்றால், ஒரு மரச்சாலையில் குவிந்த கூட்டம் பத்துச் சிற்றூர்களுக்குப் பிரிந்தது. அங்கே சாப்பாட்டுக்கும் அறைக்கும் பணம் விழுந்தது. செலவு மிகக் குறைவு, கருத்து முழுக்க அந்த மண்ணைச் சேர்ந்தது.

2018-இல் மட்டும் சுமார் 3,50,000 பேர், அதாவது வெளியிலிருந்து பொழுதுபோக்குக்காக வந்த பயணிகளில் ஆறில் ஒருவர், தொடரின் பொருட்டு வந்தனர் என்றும் அவர்கள் 5 கோடி பவுண்டுக்கு மேல் செலவிட்டனர் என்றும் சுற்றுலாத் துறை மதிப்பிட்டது. 2022 பிப்ரவரியில் பான்பிரிட்ஜ் நகரில், பழைய லினன் ஆலையொன்றில் அமைந்த ஸ்டூடியோவில், தொடரின் செட்டுகளும் உடைகளும் ஆயுதங்களும் நிரந்தரக் காட்சிக்குத் திறக்கப்பட்டன. இவை யாவும் நல்லவை. ஆயினும் சுற்றுலா வருமானத்தையும் திரைத்தொழில் வருமானத்தையும் ஒரே வரியில் எழுதும் வழக்கம் நகர நிர்வாகங்களைத் தவறான இடத்தில் பணம் போட வைக்கிறது. பயணி வருவது திரையில் கண்டதைப் பார்க்க. அடுத்த தயாரிப்பாளர் வருவது ஃப்ளோர் காலியாக இருக்கிறதா, நல்ல தச்சர்கள் கிடைப்பார்களா என்று பார்க்க. முன்னவருக்கான விளம்பரம் பின்னவரின் கண்ணில்கூடப் படுவதில்லை.

வாடிக்கையாளர் போன பிறகு

2018 கோடையில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ படப்பிடிப்பு முடிந்தது. அந்தத் தொடரின் முன்கதையாக ஒரு புதிய தொடரின் முன்னோட்ட அத்தியாயம் 2019-இல் வட அயர்லாந்தில் எடுக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் எச்.பி.ஓ. அதைக் கைவிட்டது. அதற்குப் பதிலாகத் தேர்ந்தெடுத்த இன்னொரு முன்கதைத் தொடர் லண்டனுக்கு வடமேற்கே உள்ள லீவ்ஸ்டன் ஸ்டூடியோவுக்குப் போனது. பத்தாண்டு உறவும் பழகிய ஆட்களும் பெயர்பெற்ற லொகேஷன்களும் இருந்தும் வேலை கைநழுவியது. ஓர் ஒளிபரப்பு நிறுவனத்தின் நிர்வாக அறையில் நடக்கும் ஒரே கூட்டம் இன்னொரு நாட்டின் நகரத்தில் நூற்றுக்கணக்கானோரின் அடுத்த ஆண்டைத் தீர்மானிக்கிறது என்பதை பெல்ஃபாஸ்ட் அப்போது நேரில் கண்டது. 2020-இல் பெருந்தொற்று வந்தது. 2023-இல் ஹாலிவுட்டின் எழுத்தாளர்களும் நடிகர்களும் நடத்திய வேலைநிறுத்தம் வந்தது. அந்த வசந்தத்தில் பெல்ஃபாஸ்டில் தொடங்கவிருந்த ‘பிளேட் ரன்னர் 2099’ தொடர் தள்ளிப்போய், பின்னர் பிராக் நகருக்கே மாறிவிட்டது.

இவ்வளவுக்கும் பிறகு தொழில் கலைந்துவிடாததற்குக் காரணம் ஆட்கள். ஒரே தொடர் ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே மாதங்களில் திரும்பி வந்ததால், பயிற்சியாளராக முதல் பருவத்தில் நுழைந்தவர் அடுத்தடுத்த பருவங்களில் உதவியாளராகி, பிறகு ஒரு பிரிவின் பொறுப்பை ஏற்கும் அளவுக்கு வளர வாய்ப்பிருந்தது. ஒரு படத்துக்கு வந்து போகிற யூனிட்டில் இது நடக்காது. பிளாஸ்டர் பூச்சு, மரவேலை, செட்டுக்குப் பழமை ஏற்றும் வண்ணப்பூச்சு, உடைகளைக் கிழித்துக் கறையேற்றும் வேலை, மின் இணைப்பு ஆகியவற்றில் கைதேர்ந்த ஒரு கூட்டமே உருவாகிவிட்டது. பெரிய தயாரிப்பு இல்லாத மாதங்களில் அவர்களைத் தாங்கியவை நடுத்தர பட்ஜெட் தொடர்கள். பி.பி.சி.யின் ‘லைன் ஆஃப் டியூட்டி’ காவல்துறைத் தொடர் முதல் பருவத்தை பர்மிங்காமில் எடுத்துவிட்டு, இரண்டாவது முதல் பெல்ஃபாஸ்டுக்கு இடம் மாறியது. கதை நடப்பது பெயர் சொல்லப்படாத ஓர் இங்கிலாந்து நகரத்தில். படம் பிடித்தது பெல்ஃபாஸ்டின் அலுவலகங்களிலும் வீதிகளிலும். இதற்கு நேர்மாறாக, பெல்ஃபாஸ்டின் பெயரையே தலைப்பாகக் கொண்டு, 2022-இல் சிறந்த மூலத் திரைக்கதைக்கான ஆஸ்கர் பெற்ற படத்தின் தெருவை, தொற்றுக்காலக் கட்டுப்பாடுகளால் தென் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் செட்டாகப் போட்டே எடுத்தார்கள். ஊரின் கதை ஓரிடத்திலும் அதன் தொழில் ஓரிடத்திலும் இருக்கக்கூடும் என்பதை இவ்விரண்டும் சேர்ந்து காட்டுகின்றன.

2024 ஜனவரியில், வேலைநிறுத்தத்தால் தள்ளிப்போயிருந்த டிராகன் படமொன்று அதே கப்பல் தளத்து ஸ்டூடியோவில் தொடங்கியது. அந்த ஆண்டே எச்.பி.ஓ.வும் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ உலகைச் சேர்ந்த இன்னொரு தொடருடன் பெல்ஃபாஸ்டுக்குத் திரும்பியது.

அடுத்த முதலீடு

நகரத்தின் பழைய குப்பைமேடாக இருந்த வடக்குக் கரையோரத்தில், பெல்ஃபாஸ்ட் துறைமுக நிறுவனம் 2 கோடி பவுண்டு செலவில் 2017-இல் புதிய ஸ்டூடியோ ஒன்றைத் திறந்தது. பெரிய தொடர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பெயிண்ட் கூடம் முழுக்க அதன் கையில் இருந்தபோதே, இரண்டாவது வாடிக்கையாளருக்கு இடம் செய்தது சரியான முடிவு. அதன் அருகே, நகரப் பகுதி ஒப்பந்த நிதியும் சேர, அல்ஸ்டர் பல்கலைக்கழகத்துடன் இணைந்து 7.2 கோடி பவுண்டில் அமைந்த ‘ஸ்டூடியோ அல்ஸ்டர்’ 2025-இல் திறக்கப்பட்டது. நடிகருக்குப் பின்னால் பச்சைத் திரைக்குப் பதில் மிகப்பெரிய எல்.இ.டி. சுவர் இருக்கும், கேமரா நகரும்போது சுவரிலுள்ள காட்சியின் கோணமும் உடன் நகரும். பாலைவனமும் பனிமலையும் ஃப்ளோருக்குள்ளேயே வந்துவிடும்.

இதிலே ஒரு சிக்கல் உள்ளது. சுவரில் எந்தக் கடற்கரையையும் காட்ட முடியுமென்றால், சொந்தக் கடற்கரையின் விலை குறைகிறது. இதே சுவரை லண்டனிலோ வேறு எந்த நகரிலோ பணமிருப்பவர் எழுப்பிக்கொள்ளலாம். அப்போது மிஞ்சி நிற்பது அந்தச் சுவரை இயக்கத் தெரிந்தவர்களும், அதன் முன்னால் போட வேண்டிய செட்டைச் செய்பவர்களும்தான். பல்கலைக்கழகம் பங்குதாரராக இருப்பதன் அர்த்தம் அங்கேதான் இருக்கிறது. பெரிய தயாரிப்புகளுக்கிடையே ஃப்ளோர் காலியாகும் வாரங்களை மாணவர்களுக்கும் சிறிய உள்ளூர்ப் படங்களுக்கும் குறைந்த வாடகையில் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2023-இல் சிறந்த குறும்படத்துக்கான ஆஸ்கர் பெற்ற ‘ஆன் ஐரிஷ் குட்பை’ வட அயர்லாந்தில் எடுக்கப்பட்ட எளிய படம். ஐரிஷ் மொழி நிகழ்ச்சிகளுக்கென்று 2005 முதல் இயங்கும் தனி நிதியும் அந்த மொழியில் எழுதுபவர்களையும் இயக்குபவர்களையும் வளர்த்துவருகிறது. வெளியூர் நிறுவனத்தின் கால்ஷீட்டுக்குக் காத்திராத வேலை அவர்களிடமிருந்துதான் வரும். ஸ்டூடியோ அல்ஸ்டரின் வாடகைப் பட்டியலில் அவர்களுக்கென்று ஒரு வரி இருக்க வேண்டும்.